தசையும் சர்க்கரையும்: நீரிழிவில் உடற்பயிற்சி செய்யும் வேலை

மனித உடலில் ஓடும் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தத்தில், நலமாக உள்ள ஒருவருக்குக் காலை வெறும் வயிற்றில் இருக்கும் குளுக்கோஸ் முழுவதையும் பிரித்தெடுத்து நிறுத்துப் பார்த்தால், அது 5 கிராமைத் தாண்டாது. மதியம் அவர் உண்ணும் 200 கிராம் சோற்றில் மட்டும் இதைப் போலப் பத்து மடங்குக்கும் மேலான மாவுச்சத்து இருக்கிறது. அது செரித்து, குளுக்கோஸாக மாறி, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அதே ரத்தத்தில்தான் வந்து சேருகிறது. அப்படியிருந்தும் அவருடைய ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமைப் பெரும்பாலும் தாண்டுவதில்லை என்றால், வந்த சர்க்கரை வந்த வேகத்திலேயே ரத்தத்தை விட்டு வேறெங்கோ போய்விடுகிறது என்பதே பொருள். கல்லீரல் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது, மூளை இடைவிடாமல் தன் பங்கைச் செலவிடுகிறது. ஆனால் இன்சுலினின் தூண்டுதலால் ரத்தத்திலிருந்து வெளியேறும் குளுக்கோஸில் ஏறத்தாழ 80 விழுக்காடு எலும்புகளைப் பற்றியிருக்கும் தசைகளுக்குள்தான் செல்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நீரிழிவு என்றதும் கணையத்தை மட்டுமே நினைப்பது பலரது வழக்கம் என்றாலும், சர்க்கரையின் கணக்கு நேராவதும் தவறுவதும் பெரும்பாலும் தசையில்தான்.

நீரிழிவு நோயாளி ஒவ்வொருவரும் மருத்துவரிடம் தவறாமல் கேட்டுவரும் அறிவுரை ‘தினமும் வாக்கிங் போங்க’ என்பது. எல்லோருக்கும் தெரிந்த அறிவுரை இது. எனினும் எவ்வளவு நேரம் நடப்பது, உணவுக்கு முன்பா பின்பா, எத்தனை நாள் விட்டால் பலன் போய்விடும், எந்த மாத்திரையோடு சேரும்போது ஆபத்து என்பவை சொல்லப்படுவது அரிது. மாத்திரையை எழுதும்போது அளவு, வேளை, உணவுக்கு முன், பின் என்று அனைத்தும் எழுதப்படுகின்றன. உடற்பயிற்சிக்கும் அதே நுணுக்கம் தேவை என்பதை, அது தசைக்குள் செய்யும் வேலையைப் பார்த்தால் உணரலாம்.

தசைச் செல்லின் சுவரை குளுக்கோஸ் தானாக ஊடுருவ முடியாது. அதை உள்ளே கொண்டுசெல்லக் கடத்திப் புரதங்கள் வேண்டும். தசையில் இந்த வேலையைச் செய்யும் முதன்மையான புரதத்துக்கு குளூட்-4 என்று பெயர். தசை ஓய்வில் இருக்கும்போது இந்தப் புரதங்களில் பெரும்பாலானவை செல்லின் உட்புறத்தில் நுண்ணிய பைகளுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. உணவுக்குப் பின் கணையம் சுரக்கும் இன்சுலின் தசைச் செல்லின் வெளிப்பரப்பில் வந்து ஒட்டிக்கொண்டதும் உள்ளே வரிசையாக வேதிச் சைகைகள் கிளம்புகின்றன. அவற்றின் முடிவில் அந்தப் பைகள் மேலெழுந்து செல் சுவரோடு இணைய, குளூட்-4 புரதங்கள் சுவரில் நிலைகொண்டு குளுக்கோஸை உள்ளே இழுக்கின்றன. இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் இருந்தும் இந்தச் சைகைத் தொடர் நடுவிலேயே மங்கிப்போகிறது. இதையே இன்சுலின் தடை என்கிறார்கள். முதல் வகை நீரிழிவிலோ கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிந்துவிடுவதால், சைகையைத் தொடங்கிவைக்க இன்சுலினே இருப்பதில்லை.

உடற்பயிற்சியின் சிறப்பு, இதே குளூட்-4 புரதங்களை இன்சுலினைக் கேட்காமலேயே செல் சுவருக்குக் கொண்டுவரும் இரண்டாவது வழி ஒன்று தசைக்கு உண்டு என்பதில் இருக்கிறது. தசை சுருங்கும்போது அதனுள் கால்சியத்தின் அளவு உயர்கிறது. எரிபொருள் குறைவதை உணரும் ஒரு நொதி விழித்துக்கொள்கிறது. இவை போன்ற மாற்றங்கள் இன்சுலினின் சைகைத் தொடரைத் தொடாமல் வேறு பாதையில் அந்தப் பைகளை மேலெழச் செய்கின்றன. 1984-ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் எலிகளின் பின்னங்கால் தசைகளைச் சுருங்கச் செய்து, இன்சுலின் இல்லாத நிலையிலும் அவை குளுக்கோஸை மிகுதியாக உறிஞ்சுவதைக் காட்டினார்கள். 1999-இல் வெளியான மற்றோர் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் சைக்கிள் மிதிக்கச் செய்து, முன்னும் பின்னும் அவர்களுடைய தொடைத் தசையிலிருந்து ஊசியால் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தபோது, மிதித்தபின் செல் சுவரில் குளூட்-4 மிகுந்திருந்தது இரு சாராரிடமும் தெரிந்தது. இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுக்கும் தசைகூட வேலைக்குச் செவிசாய்க்கிறது என்ற இந்தக் கண்டுபிடிப்பு, பல ஆண்டு நோயோடு போராடிச் சலித்தவர்களுக்கும் நம்பிக்கை தரத்தக்கது. ஏனென்றால் நோயால் கெட்டுப்போகாத வழி ஒன்று அவர்கள் உடலில் இன்னும் திறந்தே இருக்கிறது.

இந்த வழி அறிவியலுக்குப் புலப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே அதன் பலனை மருத்துவர்கள் கண்டிருந்தார்கள். நடத்தலையும் உடல் உழைப்பையும் இந்த நோய்க்குப் பரிந்துரைத்த பழைய நூல்களில் சுஸ்ருத சம்ஹிதை ஒன்று. வறிய நோயாளி நெடுந்தொலைவு நடக்க வேண்டும், கிணறு வெட்ட வேண்டும் என்றெல்லாம் அது கூறுகிறது. இன்சுலின் புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1926-இல், தாமே நீரிழிவு நோயாளியான லண்டன் மருத்துவர் ஆர். டி. லாரன்ஸ், இன்சுலின் போட்டுக்கொண்டவர் உடற்பயிற்சியும் செய்தால் சர்க்கரை கூடுதலாக இறங்குகிறது என்பதை அளந்து பதிவு செய்தார். பயிற்சி இன்சுலினின் வேலையைக் கூட்டுகிறது என்ற அந்த முடிவில் நன்மையும் எச்சரிக்கையும் சேர்ந்தே இருந்தன.

ஒருவர் வேகமாக நடக்கத் தொடங்கியதும் தசைகள் முதலில் தம்மிடம் உள்ள சேமிப்பைத்தான் எடுக்கின்றன. குளுக்கோஸ் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்து உடல் சேர்த்துவைக்கும் பொருள் கிளைக்கோஜன். வளர்ந்தவரின் தசைகள் எல்லாவற்றிலும் சேர்த்து ஏறத்தாழ 400 கிராமும் கல்லீரலில் சுமார் 100 கிராமும் அது இருக்கும். நடை தொடரத் தொடர, தசைகள் ரத்தத்திலிருந்தும் குளுக்கோஸை இழுக்கின்றன; கொழுப்பையும் எரிக்கின்றன. நலமாக உள்ளவருக்கு அப்போது கணையம் இன்சுலின் சுரப்பைத் தானாகக் குறைத்து, குளூக்ககான் என்ற எதிர்ச் சுரப்பைக் கூட்டுவதால், கல்லீரல் தன் கிளைக்கோஜனை உடைத்து, தசை எடுக்கும் அளவுக்கு ஈடாகக் குளுக்கோஸை ரத்தத்தில் விடுகிறது. எனவே ரத்தச் சர்க்கரை பெரிதாக அசைவதில்லை. இரண்டாம் வகை நீரிழிவில் ரத்தத்தில் ஏற்கனவே சர்க்கரை மிகுந்திருக்க, இன்சுலினும் ஓரளவு சுரந்துகொண்டிருப்பதால், கல்லீரல் விடுவதைவிடத் தசை எடுப்பது மிகுந்து, மிதமான நடையில் சர்க்கரை இறங்குகிறது. இன்சுலின் ஊசி போடுபவருக்கோ, தோலுக்கடியில் செலுத்தப்பட்ட இன்சுலின், அவர் நடந்தாலும் ஓடினாலும் குறையாமல் ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். கல்லீரலைக் குளுக்கோஸ் விடவொட்டாமல் அது தடுக்க, தசை இரு வழிகளிலும் இழுக்க, சர்க்கரை சறுக்கி விழுகிறது.

பயிற்சி முடிந்தபின் நடப்பதுதான் நோயாளிக்குக் கூடுதலாகப் பயன்படுவது. சுருக்கத்தால் திறந்த அந்த இரண்டாவது வழி சில மணி நேரத்தில் மூடிக்கொள்கிறது. ஆனால் கிளைக்கோஜன் குறைந்துபோன தசை, அதை மீண்டும் நிரப்பிக்கொள்ள வேண்டியிருப்பதால், இன்சுலினுக்கு முன்னைவிட நன்றாக இணங்கத் தொடங்குகிறது. பயிற்சியின் கடுமைக்கும் நேரத்துக்கும் ஏற்ப இந்த இணக்கம் 24 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கிறது. உடற்பயிற்சி இல்லாமல் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடக் கூடாது என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வரையறுத்ததற்கு இதுவே அடிப்படை. வாரம் முழுவதும் அலுவலகத்தில் அமர்ந்துவிட்டு ஞாயிறன்று இரண்டு மணி நேரம் விளையாடுபவருக்கு இதயம் சார்ந்த நன்மை கிடைக்கலாம். ஆனால் ஞாயிறன்று தசையில் பிறந்த இணக்கம் புதன்கிழமைக்குள் மறைந்துவிடுவதால், வியாழன், வெள்ளி, சனி ஆகிய நாட்களின் சர்க்கரைக்கு அந்த விளையாட்டால் பெரிதாக உதவ முடியாது. பல ஆண்டுகள் தவறாமல் நடந்தவரும் சில நாட்கள் படுத்த படுக்கையாகக் கிடந்தால் இன்சுலின் தடை கூடிவிடுகிறது. தசைக்கு இந்த வகையில் நினைவாற்றல் மிகக் குறைவு. உழைப்பின் அளவைவிட, இரண்டு உழைப்புகளுக்கு இடையே விழும் இடைவெளியே இங்குப் பெரிய கேள்வி.

தொடர்ந்து செய்தால் என்ன கிடைக்கும் என்பதை எச்.பி.ஏ1சி என்ற பரிசோதனை காட்டும். ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காட்டில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று அளந்து, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையை அறியும் முறை இது. 2001-இல் 14 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஓர் அலசல், உடற்பயிற்சி செய்த நோயாளிகளுக்கு இது சராசரியாக, செய்யாதவர்களின் 8.31-க்குப் பதில், 7.65 விழுக்காடாக இருந்ததைக் கண்டது. அதாவது சில மாத்திரைகள் தரும் அளவுக்கு அருகே வரும் குறைவு. அந்த ஆய்வுகளில் பயிற்சி செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் உடல் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது அதைவிட முக்கியமானது. மூன்று மாதம் நடந்தும் எடை குறையவில்லை என்று மனம் சோர்ந்து விட்டுவிடுபவர்கள் ஏராளம். எடைக்கருவி அசையாதபோதும் தசைக்குள் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது என்பதை அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட அளவு. மூச்சு சற்று வாங்க, பேச முடிந்தாலும் பாட முடியாத வேகமே மிதமான வேகம் என்று எளிதாக அடையாளம் காணலாம். 2011-இல் 47 ஆய்வுகளை அலசிய மற்றொரு கட்டுரை, வரையறுத்த திட்டத்தின்படி வாரம் 150 நிமிடத்துக்கு மேல் பயிற்சி செய்தவர்களுக்கு எச்.பி.ஏ1சி 0.89 புள்ளியும், அதற்குக் குறைவாகச் செய்தவர்களுக்கு 0.36 புள்ளியும் இறங்கியதைக் காட்டியது. ‘உடற்பயிற்சி செய்யுங்கள்’ என்று வாயால் மட்டும் அறிவுரை பெற்றவர்களுக்கோ, உணவு பற்றிய அறிவுரையும் அதனோடு சேர்ந்திருந்தால் ஒழியப் பலன் தெரியவில்லை என்றும் அது கண்டது.

வேளை பற்றிய கேள்விக்கு வருவோம். தமிழ்நாட்டில் நடை என்றால் விடியற்காலை நடை என்றே ஆகிவிட்டது; பூங்காக்களிலும் கடற்கரைச் சாலைகளிலும் ஐந்தரை மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. அது நல்ல பழக்கம்தான். குறிப்பாகக் கோடையில் வேறு நேரம் வாய்ப்பதும் கடினம். ஆனால் சோறும் இட்லியும் தோசையும் முதன்மை உணவாக இருக்கும் மக்களுக்குச் சர்க்கரை மிக உயரும் நேரம் உணவுக்குப் பின் வரும் ஒன்றிரண்டு மணி நேரமே. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 41 பேரை, சில நாட்கள் விருப்பமான ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடக்கவும், வேறு சில நாட்கள் மூன்று வேளை உணவுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடம் நடக்கவும் செய்து ஒப்பிட்டு, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்த நடை இரண்டிலும் ஒன்றே. எனினும் உணவுக்குப் பின் நடந்தபோது, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் சராசரியாக 12 விழுக்காடும், இரவு உணவுக்குப் பின் 22 விழுக்காடும் குறைந்திருந்தது. மாவுச்சத்து மிகுந்த உணவை இரவில் உண்டுவிட்டு, அதன்பின் அசையாமல் அமர்ந்திருந்ததே இரவு வேளையில் இவ்வளவு வேறுபாட்டுக்குக் காரணம் என்று அவர்கள் கருதினார்கள். இரவு எட்டரைக்கோ ஒன்பதுக்கோ நான்கு தோசை உண்டுவிட்டுத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, அப்படியே உறங்கப்போகும் வழக்கம் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த முடிவு அப்படியே பொருந்தும். காலை நடையை விட வேண்டியதில்லை. இரவு உணவுக்குப் பின் மொட்டை மாடியிலோ தெருவிலோ ஒரு பத்து நிமிடத்தைக் கூட்டிக்கொண்டால், உடலுக்கு மிகத் தேவைப்படும் நேரத்தில் தசைகள் வேலைக்கு வரும்.

நீண்ட நேரம் அமர்ந்திருப்பதை இடையிடையே முறிப்பதற்கும் இதே வகைப் பலன் உண்டு. அரை மணிக்கு ஒரு முறை எழுந்து இரண்டு மூன்று நிமிடம் நடந்தாலே, தொடர்ந்து உட்கார்ந்திருந்த நாளைவிட உணவுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ‘நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறேனே, அது போதாதா’ என்று பெண்கள் கேட்பது நியாயமான கேள்வி. அந்த வேலை நெடுநேரம் அமர்ந்திருப்பதைத் தடுப்பதால் அதற்கு மதிப்பு உண்டு. முன்பு கிணற்றில் நீர் இறைப்பதும் மாவாட்டுவதும் மூச்சு வாங்கவைத்த உழைப்புகள். இன்றைய சமையலறை வேலையில் பெரும்பகுதி நின்றபடியே செய்யும் இலேசான உழைப்பாகிவிட்டதால், உடல் களைத்தாலும் பெரிய தசைகள் அதில் அவ்வளவாக ஈடுபடுவதில்லை. எனவே வீட்டு வேலைக்கு மேல் தனியே நடைக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை அவர்களுக்கு ஒதுக்கித் தருவது வீட்டில் உள்ள மற்றவர்களின் பொறுப்பு.

அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டில் பரவியுள்ள எட்டு நடை, அதாவது தரையில் எட்டு வரைந்து அதன்மேல் சுற்றி நடப்பது, இடம் குறைந்த வீடுகளுக்கு வசதியானது. சர்க்கரையைக் குறைப்பது அதில் செலவிடும் நிமிடங்களும் வேகமுமே. வடிவத்துக்குத் தனி ஆற்றல் ஏதுமில்லை.

நடை மட்டும் போதுமா என்பதிலும் கருத்து மாறியிருக்கிறது. சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்ளும் இடம் தசை என்பதால், அந்த இடம் சுருங்கச் சுருங்கச் சர்க்கரையைச் சமாளிப்பதும் கடினமாகிறது. வயது ஏற ஏறத் தசை குறைகிறது, இந்தியர்களுக்கு அதே எடையுள்ள ஐரோப்பியர்களைவிடத் தசை குறைவாகவும் வயிற்றுக் கொழுப்பு மிகுதியாகவும் இருப்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. எனவே தசைக்கு எதிர்ப்புக் கொடுத்து வலுவேற்றும் பயிற்சிகளை வாரம் இரண்டு மூன்று நாள் செய்யும்படி இப்போதைய வழிகாட்டு நெறிகள் வலியுறுத்துகின்றன. கனடாவில் 251 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2007-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நடை, சைக்கிள் போன்றவற்றை மட்டும் செய்தவர்களுக்கும் எடைப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் எச்.பி.ஏ1சி குறைந்தது; இரண்டையும் செய்தவர்களுக்கு அவர்களைவிட மேலும் ஏறத்தாழ அரைப் புள்ளி குறைந்தது. இதற்கு ஜிம்முக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. கைப்பிடி இல்லாத நாற்காலியில் கைகளை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றி உடலைத் தள்ளி மீள்வது, தண்ணீர் நிறைத்த பாட்டில்களைத் தூக்கி இறக்குவது ஆகியவை அறுபது வயதைக் கடந்தவருக்கும் நல்ல தொடக்கம்.

உடற்பயிற்சி செய்தபின் சர்க்கரை கூடியிருப்பதைக் குளுக்கோமீட்டரில் கண்டு கலங்குபவர்களும் உண்டு. மூச்சு முட்ட ஓடுவது, மிகக் கனமான எடையைத் தூக்குவது, போட்டி மனநிலையில் விளையாடுவது போன்ற கடும் முயற்சிகளில் அட்ரினலின் பெருக்கெடுத்து, கல்லீரல் தசை எடுப்பதைவிட அதிகமான குளுக்கோஸை ரத்தத்தில் கொட்டுகிறது. அதனால் ஒன்றிரண்டு மணி நேரம் சர்க்கரை உயர்ந்து நின்று, பிறகு இறங்குகிறது. விடியற்காலையில் உடலின் சில சுரப்புகள் இயல்பாகவே சர்க்கரையைக் கூட்டுவதால், வெறும் வயிற்றில் செய்யும் கடும் பயிற்சியில் இது சற்றுக் கூடுதலாகத் தெரியலாம். இந்தத் தற்காலிக உயர்வு தோல்வியின் அறிகுறி அல்ல. அதைக் கண்டு பதறி மாத்திரையையோ இன்சுலினையோ கூடுதலாக எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து.

உண்மையான ஆபத்து சர்க்கரை இறங்குவதில் இருக்கிறது. இதை விரிவாகச் சொல்வது அவசியம். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ் போவதைத் தாழ்சர்க்கரை என்கிறார்கள். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். எல்லா நோயாளிக்கும் இந்த அபாயம் ஒன்றல்ல. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு நடையால் தாழ்சர்க்கரை வருவது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகள் சர்க்கரையின் அளவைப் பொருட்படுத்தாமல் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைப்பதால், அவற்றை எடுப்பவர்களும் இன்சுலின் ஊசி போடுபவர்களும் கவனமாக இருக்க வேண்டும். அவர்கள் பயிற்சிக்கு முன் சர்க்கரையைப் பார்த்து, 90-க்குக் கீழ் இருந்தால் 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து உண்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. தொடையில் இன்சுலின் போட்டுக்கொண்டு உடனே ஓடினால், அங்கு ரத்த ஓட்டம் கூடி மருந்து விரைவாகக் கலந்துவிடும் என்பதால், பயிற்சி நாளில் வயிற்றில் போட்டுக்கொள்ளச் சொல்வதுண்டு.

தாழ்சர்க்கரை வந்துவிட்டால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். சாக்லேட்டும் பிஸ்கட்டும் கொழுப்பு கலந்தவை என்பதால் விரைவாக உதவாது. இங்கே பலருக்கும் தெரியாத ஒரு நுட்பம் உண்டு. வோக்லிபோஸ், அகார்போஸ் என்ற மருந்துகள், வீட்டுச் சர்க்கரை குடலில் உடைந்து குளுக்கோஸாக மாறுவதையே தாமதப்படுத்துபவை. கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் ஆகியவற்றோடு வோக்லிபோஸ் சேர்ந்த மூன்று மருந்துக் கூட்டு மாத்திரைகள் இந்தியாவில் பரவலாகப் புழங்குகின்றன. அவற்றை எடுப்பவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் உடனடியாகக் கைகொடுக்காது. மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடியே வேண்டும். தன் மாத்திரை அட்டையில் எழுதியுள்ள பெயர்களைப் படித்துப் பார்த்து, அதில் வோக்லிபோஸ் இருந்தால் நடைக்குப் போகும்போது சிறு பொட்டலம் குளுக்கோஸ் பொடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அப்படிப்பட்டவருக்கு வியர்வை ஒன்றே எஞ்சும் அடையாளமாக இருக்கக்கூடும்.

முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் அறிய வேண்டியது ஒன்று. மாலையில் பிள்ளை நெடுநேரம் கால்பந்தோ கபடியோ ஆடிவிட்டு வந்து, இரவு உணவுக்கு முன் பார்த்தபோது சர்க்கரை சரியாக இருந்தாலும், வெறுமையான தசைகள் கிளைக்கோஜனை நிரப்பிக்கொள்ளும் வேலையைத் தூக்கத்திலும் தொடர்வதால், ஆடி முடித்து 6 முதல் 15 மணி நேரம் வரை சர்க்கரை இறங்கலாம். அது பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிந்தைய நேரமாகவே அமையும். அத்தகைய நாளில் இரவு இன்சுலினைக் குறைப்பதா, படுக்கும் முன் கூடுதலாக ஏதேனும் உண்ணக் கொடுப்பதா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு அஞ்சி விளையாட்டையே தடுப்பது பிள்ளைக்குச் செய்யும் நன்மையாகாது. மாறாக, சர்க்கரை 250-க்கு மேல் இருந்து, சிறுநீரிலோ ரத்தத்திலோ கீட்டோன் தென்பட்டால், இன்சுலின் போதவில்லை என்று பொருள். அப்போது பயிற்சி நிலையை மோசமாக்கும் என்பதால் அன்று விளையாட்டு வேண்டாம்.

கால், கண், இதயம் ஆகிய மூன்றையும் பயிற்சி தொடங்குமுன் மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்வது நல்லது. விழித்திரையில் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்த முற்றிய பாதிப்பு இருப்பவர், மூச்சைப் பிடித்துக் கனம் தூக்குவதையும் தலைகீழ் ஆசனங்களையும் தவிர்க்க வேண்டும். நீண்ட கால நோயில் மாரடைப்புகூட நெஞ்சு வலியின்றி வரக்கூடும் என்பதால், நடக்கும்போது வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலைக் களைப்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது. பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் பூங்காக்களில் உள்ள கூழாங்கல் பாதையில் வெறுங்காலுடன் நடப்பதும், திருவண்ணாமலையில் சுமார் 14 கிலோமீட்டர் கிரிவலத்தைச் செருப்பின்றிச் சுற்றுவதும் ஆபத்தானவை. கல் குத்தியதும் தரை சுட்டதும் அவர்களுக்குத் தெரியாது, கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல் விரலை இழக்கும்வரை போகலாம். மென்மையான ரப்பர் அடிப்பாகம் கொண்ட எம்.சி.ஆர். செருப்போ சரியான அளவுள்ள காலணியோ அணிந்து நடந்து, வீடு திரும்பியதும் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்க்க வேண்டும்.

நோய் வருமுன் தடுப்பதில் உடலுழைப்பின் பங்கைக் காட்டிய முக்கிய ஆய்வு ஒன்று சென்னையிலேயே நடந்தது. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில், நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிடப்பட்ட இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்ட ஆய்வு அது. வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. உணவையும் உடலுழைப்பையும் மாற்றிக்கொண்டவர்களில் 39.3 விழுக்காட்டினருக்கே வந்தது. அமர்ந்தே வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்லப்பட்டது, நாளுக்கு அரை மணி நேரமாவது வேகமாக நடக்க வேண்டும் என்பதுதான்; ஏற்கனவே உடலால் உழைப்பவர்களும் சைக்கிளில் நெடுந்தொலைவு செல்பவர்களும் அதையே தொடரச் சொல்லப்பட்டார்கள். இவ்வளவு எளிய மாற்றம் தந்த பலன் இது. ஆனால் தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்களாக இருந்தனர். ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்பவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. இரவு உணவுக்குப் பின் ஒரு பெண் அச்சமின்றிப் பத்து நிமிடம் நடக்க நடைபாதையும் தெருவிளக்கும் இல்லாத ஊரில், அறிவுரையை மட்டும் எத்தனை முறை சொன்னாலும் இந்த எண்ணிக்கை மாறாது. உள்ளாட்சிகளுக்கும் இதில் மருத்துவமனைகளுக்கு உள்ள அளவு பொறுப்பு உண்டு.

எனவே மருத்துவர்களிடம் வேண்டுவது ஒன்று. மாத்திரையின் பெயரை எழுதும் அதே சீட்டில், எந்த வேளை உணவுக்குப் பின் எத்தனை நிமிடம், வாரத்தில் எத்தனை நாள், எந்த அளவுக்குக் கீழ் சர்க்கரை இருந்தால் உண்டுவிட்டு நடக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். எழுதித் தராவிட்டால், நோயாளிகளே, கேட்டு வாங்குங்கள். நடை பழகி, சர்க்கரை தொடர்ந்து இறங்கிவரும்போது மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். அதை மருத்துவரே செய்யட்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம்.